டீச்சர் கொடுத்த கேமரா

மதியம் கண்ணயர்வதற்கு முன் அதை மடித்து மூடியது மருந்துக் கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. எழுந்து பார்த்தபோது அந்தப் பழைய மடிப்புக் கேமரா மேசைமேல் திறந்து, லென்ஸைத் தாங்கிய கறுத்த தோல் துருத்தியை முழுக்க நீட்டிக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை.

மடிப்புக் கேமரா என்றால் அவருக்குப் பைத்தியம். இது இருபது வருடமாகத் தேடி அலைந்த மாடல். போன வாரம் டீச்சரம்மா கடைக்குக் கொண்டுவந்தார். கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அவர் உயிரா வச்சிருந்தது தம்பி. எதுக்காவது உதவுமா?"

பார்த்ததும் இவர் கண் அதைவிட்டு நகரவில்லை. ஆனாலும் உதட்டைப் பிதுக்கினார். "லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிருக்கு டீச்சர். தோலும் போச்சு. வச்சிட்டுப் போங்க, நானே குப்பையில போட்டுடறேன்."

அந்த அம்மா நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார். அதுதான் இன்னும் உறுத்தியது.

மறுபடி மூடினார். கொக்கி விழுந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் திறந்திருந்தது. டீச்சரின் கணவருக்காகக் கடையிலிருந்து அவரே மாதாமாதம் எடுத்துக் கொடுத்த படுக்கைப் புண் களிம்பின் வாடை அறை முழுக்கப் பரவியது. துருத்தியின் மடிப்புகள் மெல்லச் சுருங்கி, மெல்ல விரிந்து, சளி கட்டிய நெஞ்சுபோல் கர்... கர்... என்றன.

அதைத் தகரப்பெட்டிக்குள் போட்டு அமுக்கி மூடி, மேலே இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைத்தார். பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போன் செய்தார்.

"டீச்சர்... நான் பொய் சொல்லிட்டேன். அது குப்பையில்ல. எங்கிட்டதான் இருக்கு."



"தெரியும் தம்பி. நீங்க பார்த்த பார்வையிலேயே தெரிஞ்சுது. கேக்க எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு." குரல் தாழ்ந்தது. "வச்சுக்குங்க. மூடி மட்டும் வைக்காதீங்க. அவருக்கு மூச்சு முட்டும்."

பெட்டிக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது.

ஓடினார். இஸ்திரிப்பெட்டியைத் தள்ளினார். மூடி வரவில்லை. நகம் பிய்ந்தது. வரவில்லை.

உள்ளே சத்தம் நின்றது.

பின்னால் ஒரு க்ளிக்.

கண்ணாடி அலமாரி. முப்பத்தொரு மடிப்புக் கேமராக்கள். எல்லாமே துக்க வீடுகளிலிருந்து வந்தவை. எல்லாவற்றுக்கும் அதே உதட்டுப் பிதுக்கல். அதே பொய்.

இன்னொரு க்ளிக். இன்னொன்று. வரிசையாகக் கொக்கிகள் கழன்றன. ஒவ்வொரு துருத்தியும் அவரை நோக்கி நீண்டது. மூச்சை இழுத்தது. விட்டது.

அலமாரிக் கண்ணாடியின் உள்பக்கம் மெல்ல மெல்ல ஆவி படிந்து வெளுத்தது.