பூஜ்ய ஒளியில் ஒரு விசை

லேசரின் திறனைப் பூஜ்யமாக்கிய பிறகும் வரைபடத்தில் விசை மிச்சமிருந்தது.

போதானா ஹவ்லோவா கணினியில் கணக்கை மறுபடி ஓட்டினாள். சனிக்கிழமை மதியம், ப்ர்னோ நகரத்து மூடுபனி ஜன்னலில் அப்பியிருந்தது, ஹீட்டர் குழாய்க்குள் நீர் விட்டுவிட்டு முனகியது, காலையில் போட்ட காபி கோப்பையில் புளித்து நாறியது. அளவுகளைச் சரிபார்த்தாள், கணக்கு இன்னும் நுட்பமாகட்டும் என்று கட்டங்களை நெருக்கினாள். விசை கூடியது.

மூன்று வருடத்துக்கு முன் இதே நிரலில் ஒரு வரி எழுதியிருந்தாள். குவிந்த லேசர் ஒளி நீரில் மிதக்கும் நுண்மணியை இழுத்துப் பிடிக்க வேண்டும்; அவள் கணக்கோ தள்ளும் என்றது. பிழை பிடிபடவில்லை, கெடு நெருங்கியது. அந்த வரியில் கழித்தல் குறியைக் கூட்டலாக்கிவிட்டாள். கட்டுரை அச்சேறியது.

அதை நம்பிக் கீழ்த்தளத்தில் ஒரு வருடம் சோதனை செய்தவன் தாலிபோர்.

"போதானா, இன்னொரு தடவை பாத்துடேன். மணி நிக்கவே மாட்டேங்குது."

"என் கணக்கு சரியாத்தான் இருக்கு. நீ லென்ஸைத் துடைச்சுப் பாரு."

ஆய்வுக் கூட்டத்திலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவன் வேலையை விட்டான். அந்தக் குளிர்காலத்திலேயே ஸ்வ்ரத்கா ஆற்றில் அவன் உடல் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குக் காதுமடல் எரியும். உண்மையை எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெறத்தான் இன்று வந்திருந்தாள்.

அந்த வரியை அழித்தாள். வரைபடத்தில் விசையின் அம்புகள் எல்லாம் கீழே, தாலிபோரின் அறை இருந்த பக்கம் திரும்பின.

"கீழ் ரூம் சாவியா, டாக்டரம்மா?" காவலாளி தயங்கினார். "அது பூட்டி ரெண்டு வருஷமாச்சே."

கதவைத் திறந்ததும் ஈரச் சேற்றின் வாடை. லேசரின் மின்கம்பி கழற்றிச் சுருட்டப்பட்டுக் கிடந்தது. நுண்ணோக்கியின் அடியில், என்றோ காய்ந்திருக்க வேண்டிய நீர்த்துளி பளபளத்தது. கேமராவைப் போட்டாள். திரையில் நுண்மணிகள். நீரிலிருக்கும் மணி நடுங்கிக்கொண்டேயிருக்கும், ஒருபோதும் ஓயாது.

இவை நடுங்கவில்லை.

"தப்பு என்னோடதுதான், தாலிபோர்." திரையைப் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்கே தெரியும் எனக்கு."

அவள் கைநடுக்கம் நின்றது. விரல் அசையவில்லை. கால் அசையவில்லை. இமையும்.

திரையில் மணிகள் மெல்ல விலகின. வட்டமாக. நடுவில் அவளுக்கென ஓரிடத்தை மட்டும் காலியாக விட்டு.