வெள்ளிக்கிழமை காணாமற்போன டிசைன்கள்

“வெள்ளிக்கிழமை ஆனா பழைய டிசைன் அம்புட்டும் மாயம் சார்! சனிக்கிழமை அதெல்லாம் திரும்பி வந்துருது, ஆனா வெள்ளிக்கிழமை வரைஞ்சது காணோம். அடுத்த வெள்ளிக்கிழமை அது மட்டும் கிடக்கு. இவ என்னயக் கோட்டிக்காரனா, பைத்தியமா ஆக்குறா! தளவாய்புரத்துப் போட்டிக் கம்பெனிக்காரனுக்கு விக்குறா போல. இன்னைக்குப் போலீஸ்ல சொல்லிருவேன்.”

ராஜபாளையத்தில் நைட்டி கம்பெனி நடத்தும் சீனிச்சாமி, ரோசம்மாளை எதிரில் நிறுத்திக்கொண்டே இப்படிக் கத்தினார். கம்ப்யூட்டரில் டிசைன் போடும் பெண் அவள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த துப்பறிவாளர் ஞானராஜ் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சீச்சீ, விசாரிக்கும் முன்பே திருடிப் பட்டமா!

“ஜன்னல் வழியா ஆள் வந்துருப்பானோ சார்?” என்று துள்ளினார் உதவியாளர் பால்துரை.

“செத்த நேரம் சும்மா இருலே,” என்று அவரை அடக்கினார் ஞானராஜ்.

மேசையில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர். பக்கத்தில், டிசைன்களைச் சேமிக்கும் தனி டிஸ்க் பெட்டி. அதற்குத் தனி சுவிட்ச். கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம் குங்குமம். காற்றுத் துளைகளில் ஊதுபத்திச் சாம்பல் அப்பிக் கிடந்தது. ஞானராஜ் முகத்தைச் சுளித்தார்.

“பூசை யாரு போடுறது?”

“நாந்தான்,” என்றார் சீனிச்சாமி. “வெள்ளிக்கிழமை சூடம் காட்டி, என் கையாலதான் கம்ப்யூட்டரைப் போடுவேன்.”

“பெட்டியை?”

“அதை நான் வந்த பொறவு போடுவேன் சார்,” என்றாள் ரோசம்மாள். “மத்த நாள்ல பெட்டியைப் போட்டுட்டுத்தான் கம்ப்யூட்டரைப் போடுறது.”

“அப்ப களவே நடக்கல. கம்ப்யூட்டர் முழிக்கும்போது ஒரு தடவைதான் பெட்டியைத் தேடும். இருந்தா, டிசைன் ஃபோல்டர் மேல தானா மாட்டிக்கிடும். இல்லாட்டி, பொறவு சுவிட்சைப் போட்டாலும் திரும்பிப் பாக்காது. அன்னைக்கு வரையுறதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளயே அந்த ஃபோல்டர்ல விழும். மறுநாள் பெட்டி மேல வந்து அதை மறைச்சுரும். ரோசம்மா, பெட்டியைக் கழட்டுறதுக்குக் கட்டளை குடும்மா.”

அவள் தட்டினாள். வெள்ளிக்கிழமை டிசைன்கள் அத்தனையும் திரையில் வரிசையாக வந்து நின்றன.

“அடேங்கப்பா!” என்றார் பால்துரை.

சீனிச்சாமி தொண்டையைக் கனைத்தார். “சரி சரி. மிஷின் கோளாறுன்னு சொல்லிருவோம். நீ வேலையைப் பாரு.”

“தையல் செக்ஷன்ல வச்சுத் திருடின்னு கத்துனீகளே மொதலாளி. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போவேன்?”

“அதுக்கு? மொதலாளி போயி மன்னிப்புக் கேக்கணுமாக்கும்! அசிங்கம்!”

“நீங்க பண்ணதுதான்யா அசிங்கம்,” என்றார் ஞானராஜ். அந்த ஆளைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்துபோய்த் தையல் கூடத்தின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

சீனிச்சாமி வாசலில் நின்று தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல மொதலாளி,” என்றது கடைசி மிஷினிலிருந்து ஒரு குரல். “அன்னைக்குக் கத்துன மாதிரிச் சொல்லுங்க!”