சுகம் கேட்கும் சேவர்

10 நவம்பர் 2025, திங்கள். வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பிழை விட்டேன். சேவர் கணினியை மறுபடி இயக்கவேண்டிய நேரத்தில், நிறுத்தும் கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டேன்.

நாட்குறிப்பில் எழுதிய 'சின்ன' என்பதைத் துஷாந்தினி வெட்டினாள்.

கொட்டாஞ்சேனையில், பூட்டிய நகைக்கடைக்கு மேலிருந்த அலுவலகத்தில், இருட்டிய பிறகு அவள் மட்டும் இருந்தாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கொழும்பில் தனித்திருக்கும் முதியவர்களுக்கு அந்தச் சேவர்தான் மாலைதோறும் தொலைபேசி எடுக்கும். "சுகமா இருக்கிறீங்களா? ஓம் எண்டால் ஒண்டை அழுத்துங்கோ." பதிவான குரல் அவளுடையது. பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்கு அழைப்புப் போகும். வெள்ளவத்தைச் சவுந்தரநாயகம் மட்டும் ஒன்றை அழுத்திய பிறகும், "சாப்பிட்டியே பிள்ளை?" என்று பதிவோடு கதைப்பார்.

சனிக்கிழமை அவர் குளியலறையில் விழுந்தார். யாருக்கும் அழைப்புப் போகவில்லை. நேற்றுத்தான் கதவை உடைத்தார்கள். உடல் இப்போது பெட்டியில், மலர்ச்சாலையில் இருந்தது.

"சேவர் தானா நிண்டதா?" என்று மத்தியானம் மேலாளர் மர்ஸூக் சேர் கேட்டார்.

"ஓம் சேர். தானாத்தான்."

"அதுக்கும் லீவு வேணுமாக்கும்." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "போக முந்தி ஸ்டார்ட் பண்ணிட்டுப் போங்க."

கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினாள். சேவர் எழுந்து, விடுபட்ட அழைப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியது. கீழே முச்சக்கரவண்டிகள் உறுமி ஓய, துறைமுகக் காற்று எண்ணெய் வாசத்தோடு யன்னலை அசைக்க, ஹெட்போனில் மணி அடிப்பதும் யாரோ ஒன்றை அழுத்துவதும் மாறி மாறிக் கேட்டன.

அடுத்த இலக்கம் அவருடையது. யாரும் அதை நீக்கியிருக்கவில்லை.

மணி அடித்தது. பூட்டிய வீடு.

எடுக்கப்பட்டது.

தண்ணீர் சொட்டியது. அவள் குரல் சுகம் கேட்டது. ஈரத் தரையில் ஏதோ இழுபட்டது. கிட்ட வந்தது. மூச்சு.

"பிள்ளை, ஏன் எடுக்கேல்லை?"

நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். நின்றுவிட்டது என்றது திரை. தண்ணீர் நிற்கவில்லை.

"கனநேரம் கூப்பிட்டனான்."

இணைய வயரைப் பிடுங்கினாள்.

"எழும்பேலாமல் கிடக்கு. கையைத் தா, பிள்ளை."

ஹெட்போனுக்குப் போன கை பாதியில் நின்றது. அன்றும் அவரை விட்டுத்தானே ஓடினாள். முகம் சுட்டது. கையை இறக்கிப் பேனாவை எடுத்துத் தொடர்ந்து எழுதினாள்.

அவர் இன்னும் தரையில் கிடக்கிறார். விடியும்வரை ஹெட்போனைக் கழற்றுவதில்லை. நாளை காலை, சேவரை நிறுத்தியது நான்தான் என்று மர்ஸூக் சேரிடம் சொல்ல வேண்டும்.