ஏழாம் குளத்தின் இருட்டு

முத்தரித் தீவில் இன்னும் பதினோரு நாளுக்குத்தான் எண்ணெய் இருந்தது. மூவாயிரம் பேருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம், மீன்பிடிப் படகுகள், தெருவிளக்குகள் எல்லாமே எட்டு நுண்பாசிக் குளங்கள் தந்த எண்ணெயில்தான் ஓடின. அது தீர்ந்தால் தீவைக் காலி செய்ய வேண்டும். ஏற்றிப்போகக் கப்பல் வரும் தேதியைக் கரையிலிருந்து சொல்லியும் விட்டார்கள்.

குளங்களின் பொறுப்பாளர் ரெஜினா எட்டு மாதமாகப் போராடிக்கொண்டிருந்தாள். உரத்தை மாற்றினாள், உப்பைக் குறைத்தாள். வெளிச்சம் போதவில்லையோ என்று எண்ணி, ஊர்க் கோபுர விளக்குகளைக் குளங்களின் பக்கம் திருப்பச் சொன்னதும் அவள்தான். அந்த விளக்குகளுக்கு இரவுச்சூரியன் என்று பெயர். எண்ணெய் பெருகிக் கிடந்த சென்ற ஆண்டில், தீவுத் தலைவர் கஸ்பார் பத்துக் கோபுரங்களில் ஏற்றியவை. அன்று முதல் தீவில் இரவும் பகல்போல் இருந்தது.

எல்லாக் குளத்து நீரையும் ஒன்றாகக் கலந்தே அளந்துவந்தவள், அன்று காலை முதல்முறையாக ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணெய்மானியில் வைத்தாள். ஏழாம் குளம் மட்டும் முப்பத்தொன்று காட்டியது. மற்றவை ஒன்பதைத் தாண்டவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை சோதித்தாள். பாழடைந்த ஐஸ் பேக்டரியின் உயர்ந்த சுவர் மறைத்துக்கொண்டிருந்ததால், ஏழாம் குளத்தில் விளக்கொளி விழுவதில்லை. நுண்ணோக்கியில் அதன் பாசிகள் பச்சைப்பசேலென்று, அப்போதுதான் பிரிந்த ஜோடிகளாகத் தெரிந்தன. மற்றக் குளத்துப் பாசிகள் ஊதி, வெளிறி, ஒற்றை ஒற்றையாகக் கிடந்தன. ரெஜினா கஸ்பாரைத் தேடி ஓடினாள்.

கஸ்பார் படகுத்துறையில் இருந்தார். கப்பலில் முதலில் போக வேண்டிய குடும்பங்களின் பட்டியல் அவர் மடியில் இருந்தது.

"அண்ணாச்சி, இந்தப் பாசி பகல்ல வெயிலக் குடிச்சு எண்ணெய் சேக்கும். இருட்டுனாத்தான் ஒண்ணு ரெண்டாப் பிரியும். நாம இருட்டவே விடல. பழசு வெளுத்துப்போச்சு, புதுசு பொறக்கல."

"நீதானம்மா இன்னும் வெளிச்சம் வேணும்ன?"

"ஆமா அண்ணாச்சி. தப்பு என் மேலயும்தான்."

கஸ்பார் கோபுரங்களை நிமிர்ந்து பார்த்தார். "ஊரே கூடி ஏத்துன விளக்கும்மா. எத்தன ராத்திரி அணைக்கணும்?"

"இப்ப அஞ்சு ராத்திரி குடுங்க. எண்ணெய் ஏறுச்சுன்னா, அப்புறம் ஏத்தவே கூடாது."

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, அன்று முதல் விளக்குகள் எரியாது என்று தானே ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

முதல் நாள் அந்தி சாய்ந்ததும் ரெஜினா வீட்டு வாசலில் நின்று நாலைந்து பேர் ஏசிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் ஏச ஆளில்லை. ஊர் சீக்கிரமே தூங்கியிருந்தது. நான்காம் நாள் காலை எண்ணெய்மானியில் அதே ஒன்பது. ஆறாம் நாள் காலை பன்னிரண்டு. மறுநாள் பதினேழு. அதற்கடுத்த நாள் இருபத்துநான்கு. குளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். கஸ்பார் ஓடிவந்து எண்ணெய்மானியின் முள்ளைப் பார்த்தார். உடனே கரைக்குச் செய்தி அனுப்பினார்: கப்பல் வேண்டாம்.

தூக்க மாத்திரைக்கு வரும் கூட்டம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னபோதுதான், தாங்களும் ஓராண்டாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது தீவுக்காரர்களுக்கு உறைத்தது.

மூன்று மாதத்தில் தொட்டிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. கஸ்பார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பூரிப்போடு ரெஜினாவிடம் வந்தார்.

"இவ்வளவு எண்ணெய வச்சிக்கிட்டு என்ன செய்ய? ஒரே ஒரு நாளு பத்துக் கோபுரத்தயும் ஏத்திப் பாக்கலாமா தாயி?"

"தாராளமா ஏத்தலாம் அண்ணாச்சி," என்றாள் ரெஜினா. "பகல்ல."