மேடையை விட்டு இறங்காதே

மேட்டுப்பட்டியில் சகாயராஜ் அண்ணன் வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது நல்ல உச்சிவெயில். என் தோள்பையில் புது ஹார்ட் டிஸ்க் இருந்தது. மனசுக்குள் வசவு இருந்தது. அரைமணி நேர நிகழ்ச்சியைப் பதிவு செய்யச் சொன்னால், ஹார்ட் டிஸ்க் நிரம்பிப்போச்சு, பெரிசா ஒண்ணு கொண்டு வா என்று போன் செய்கிறார் மனுஷன். நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்டாப் பட்டனை அமுக்குங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மறந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கண்ட விளம்பரமும் பதிவாகிக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

அவரைத் திட்டவும் மனசு வராது. மகள் தேவதர்ஷினி போன மாதம்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். சாவதற்குச் சில வாரம் முன்னால் மதுரைக்குப் போய் ஒரு டி.வி. சேனலின் குழந்தைகள் நிகழ்ச்சியில் பாடிவிட்டு வந்தாள். அது ஒளிபரப்பாகும் தேதி தெரிந்தபோது பிள்ளை கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். வீட்டில் அவளுடைய போட்டோ உண்டு, வீடியோ ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் அண்ணன் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் டி.வி. கார்டு போட்டு, கேபிள் வயரைச் செருகி, வருவது அப்படியே டி.வி.டி.யில் எழுதத் தோதாகப் பதிவாகும்படி செட் பண்ணிக் கொடுத்தேன். ஓயாமல் கரண்ட் போகிற வருஷம் அது. யு.பி.எஸ்.ஸும் மாட்டிவிட்டேன். பைசா வாங்கவில்லை.

கதவைத் திறந்தது ஆனந்தி அக்கா. ஆளே பாதியாகியிருந்தார்.

"வாங்க தம்பி" என்றார். குரலே எழும்பவில்லை.

உள்ளே ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வார்டில் அடிக்குமே, டெட்டாலும் ஈரத்துணியும் கலந்த வாடை, அது அடித்தது. இருட்டுக்குள் மானிட்டர் மட்டும் எரிந்தது. அதற்கு முன்னால் அண்ணன் தாடியும் கசங்கிய லுங்கியுமாக உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இடம் இல்லேன்னு காட்டுது தம்பி. எப்ப நின்னுருமோன்னு பயமா இருக்கு."

எட்டிப் பார்த்தேன். நீலத் திரை கட்டிய மேடை. அதில் மைக்குக்கு முன்னால் மஞ்சள் கவுன் போட்டுத் தேவதர்ஷினி நின்றாள்.

"பதிவு நல்லா வந்திருக்கே அண்ணே. இதை நிறுத்திட்டு டி.வி.டி. போட்டிரலாமே."

"இது பதிவானதப் போட்டுப் பாக்குறது இல்லப்பா. இப்ப ஓடிக்கிட்டு இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. துக்கத்தில் மனுஷன் குழம்பிப்போய்விட்டார் என்று குனிந்து மெஷினுக்குப் பின்னால் பார்த்தேன்.

கேபிள் வயர் கழன்று தரையில் கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை பாப்பா மேடையேறுற நேரம் பாத்து கரண்டு போச்சு" என்றார் அண்ணன். "தெருவே இருட்டு. கேபிளு இல்ல. யு.பி.எஸ்.ஸும் கத்திக் கத்தி ஓஞ்சு போச்சு. பாப்பா மட்டும் போகல. அன்னைல இருந்து நிக்கிறா."

திரும்பவும் திரையைப் பார்த்தேன். பிள்ளை சிரிக்கவில்லை, பாடவும் இல்லை. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் தேய்த்துக்கொண்டாள். பாதம் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

ஸ்பீக்கரில் மெதுவாகக் குரல் வந்தது.

"அப்பா, கால் வலிக்குது. எறங்கவா?"



"செத்த நேரம் நில்லு தாயி" என்றார் அண்ணன், திரையைத் தடவிக்கொண்டே. "அங்கிள் வந்துட்டாரு. இடம் போட்டுருவாரு."

"அண்ணே, புது டிஸ்க் மாட்டணும்னா சிஸ்டத்தை அணைக்கணும்."

"அணைக்காம மாட்டு."

"அப்படி முடியாதுண்ணே."

"நிறுத்திருங்க தம்பி!" ஆனந்தி அக்கா சுவரில் சாய்ந்து அழுதார். "மூணு நாளா நிக்கிறா. தண்ணி கேக்குறா. என்னால குடுக்க முடியல. பெத்த வயிறு எரியுது."

"நிறுத்துனா போயிருவாடி! மறுபடி எங்க போயிப் பாப்பேன் எம்புள்ளைய?"

எனக்குப் பொறுக்கவில்லை. மவுஸைப் பிடித்து ஸ்டாப்பை அமுக்கினேன். நிற்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். அண்ணன் என் கையை முறுக்கித் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

யு.பி.எஸ். கீச்சிட்டது. கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. கம்ப்யூட்டர் காற்றாடியின் சத்தமும் நின்றது.

திரை எரிந்துகொண்டே இருந்தது.

நான் தவழ்ந்துபோய் சுவர் பிளக்கைப் பிடுங்கினேன். மானிட்டர் வயரையும் உருவினேன். அந்தச் சின்னப் பிள்ளை கண் இமைக்காமல் நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், முடிஞ்சுதா?"

மாதாவே, மாரியாத்தா, யாராவது வாங்க என்று இரண்டு சாமியையும் கூப்பிட்டேன். எவரும் வரவில்லை.

ஆனந்தி அக்கா மட்டும் அழுகையை நிறுத்தியிருந்தார்.

"நா சொன்னதுதான் தம்பி" என்றார் மெதுவாக. "மதுரையில பாடுன அன்னைக்கு, பயந்து பாதியில ஓடி வந்துருவாளோன்னு, 'அம்மா வந்து கூட்டியார வரைக்கும் மேடைய விட்டு எறங்கக் கூடாது'ன்னு சொல்லி நிப்பாட்டுனேன். சொன்னாச் சொன்னபடி நிக்கிற புள்ள. நா இங்க இருந்து கூப்புட்டா அவளுக்குக் கேக்கல. எம்புட்டோ கூப்புட்டுப் பாத்துட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரைக்கு நேராக.

"நா போயிக் கூட்டியாரேன். நீங்க போங்க தம்பி."

நான் போய்விட்டேன். அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு நொடி இருக்க என்னால் ஆகவில்லை. பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

மறுநாள் விடிந்ததும் சேதி வந்தது. ஆனந்தி அக்காவுக்கு உட்கார்ந்தவாக்கிலேயே உயிர் போயிருந்தது. டாக்டர் மாரடைப்பு என்று சொன்னாராம். சாவு வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் இருந்த அறை பூட்டியிருந்தது. மகளுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டி அடக்கம் செய்தோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன். ஒரு பாவமும் அறியாத பொம்பளை. பிள்ளையையாவது கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கட்டும், இரண்டு பேருக்கும் இனிமேலாவது காலாற இடம் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். வீட்டுக்கு வந்து தலைமுழுகிவிட்டுக் கடையைத் திறந்தபோது மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. சகாயராஜ் அண்ணன்.

"தம்பி, நீ வச்சிட்டுப் போன டிஸ்க்கு பத்தாது. இன்னும் பெரிசா வேணும்."

"அண்ணே... போதும்ண்ணே. விட்டுருங்க."

"எப்படிப்பா விடுறது?" அண்ணன் குரலில் அம்புட்டு ஆசை. "இப்ப ரெண்டு பேரு நிக்கிறாங்கள்ல."

போனில் அவர் மூச்சுதான் கேட்டது.

அதற்கும் பின்னால், ஸ்பீக்கரில் வருவதுபோல, எழும்பவே எழும்பாத குரலில் யாரோ பேசினார்கள்.

"தம்பி, எங்கள எறக்கி விடச் சொல்லுங்க தம்பி. கால் வலிக்குது."