அரக்குப் புடவை, அவசர ப்ளவுஸ்

"ஐயோ...!"

2009. காலை நேரத்துத் தேரடி வீதி திடுக்கிட்டுத் திரும்பியது.

ஜவுளிக்கடைக்காரர் சுப்பிரமணி தன் கடைக்குள்ளேயே கிடந்தார். மண்டை பிளந்து! பக்கத்தில் ரத்தம் தோய்ந்த, துணி அளக்கும் இரும்பு கஜக்கோல்.

அவர் மனைவி மணிமொழி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"பக்கத்துக் கடை குர்ஷித் பேகம்தான் சார்! நேத்துகூட கத்துனா... மண்டைய ஒடைப்பேன்னு!"

இன்ஸ்பெக்டர் மாறன், மேட்சிங் ப்ளவுஸ் விற்கும் குர்ஷித் பேகத்தை இழுத்து வரச் சொன்னார்.

"கத்துனியா?"

"கத்துனேன்! இன்னும் கத்துவேன்! புதுசா மாட்டுன எல்.ஈ.டி. லைட்டைக் கழட்டுய்யான்னு கத்துனேன். என் ப்ளவுஸை இங்க புடவையோட வச்சா பொருந்துது. வீட்டுக்குப் போனா வேற கலரு. திட்டு மட்டும் எனக்கு!"

"பளிச்சுனுதானே எரியுது?"

"வெளிச்சம் ஜாஸ்தி, கலரு கம்மி சார்! எவ்ளோ வெளிச்சம்ன்றது ஒண்ணு... உள்ளத உள்ளபடி காட்டுதான்றது இன்னொண்ணு. இந்த மட்ட லைட்ல சிவப்பு செத்துப் போவுது!"

"ஸ்டேஷன்ல வந்து பாடம் நடத்து. ஏறு வண்டியில!"

"ஏற மாட்டேன்!"

குர்ஷித் பேகத்தின் கையில் விலங்கு கிணுங்கியது. அப்போதும் அவள் கலங்கவில்லை. பார்வை மணிமொழியின் தோளில் குத்தி நின்றது.

"இவ கட்டியிருக்குற அந்த அரக்குப் புடவைக்கு ப்ளவுஸ் குடுத்ததே நான்தான் சார். கையில ஜரிகை இருக்கும். இது அது இல்ல!"

பாய்ந்தாள். மணிமொழியின் கையைப் பற்றித் தெருவுக்கு இழுத்தாள்.

"ஏய்... விடுடி!"

வெயில் விழுந்தது.

மாறன் விழித்தார். புடவை அரக்கு. ப்ளவுஸ்... காபிக் கலர்! உள்ளே இரண்டும் ஒன்றாகத் தெரிந்தனவே!

"ஜவுளிக்கடை சம்சாரம் சார்! வாசல் வெயில்ல பாக்காம துணியே எடுக்காது. இன்னிக்கு ஏன் வாசலுக்கு வரல? உள்ளயே ஏன் மாத்துச்சு? கேளுங்க!"

மணிமொழி முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

கான்ஸ்டபிள் சரசு உள்ளே ஓடினாள். ட்ரையல் ரூம் விரிப்பைத் தூக்கினாள்.

ஜரிகை வைத்த அரக்கு ப்ளவுஸ்! ஜரிகை முழுக்க ரத்தம்!

மணிமொழியின் அழுகை சட்டென்று நின்றது. தலை நிமிர்ந்தது.

"ஆமா, நான்தான்! என் நகைய வித்து வேங்கிக்கால்ல எவளுக்கோ வீடு கட்டுனான். அடிச்சேன். இன்னா இப்போ?"

விலங்கு கை மாறியது.

ஜீப்பில் ஏறும்போது மணிமொழி முறைத்தாள்.

"ஒரு ப்ளவுஸை வச்சு என்னைக் கவுத்துட்டியேடி!"

குர்ஷித் பேகம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"கவலைப்படாத மணிமொழி. ஜெயில்ல புடவையும் வெள்ளை, ப்ளவுஸும் வெள்ளை... எந்த லைட்லயும் மேட்ச் ஆவும்!"