மழைவிழுங்கித் தளம்

காலையில் சத்தியசீலன் வழக்கம்போல் இடுப்பை இரண்டாக மடித்துக்கொண்டு தன் வீட்டு வாசலைக் கடந்து வெளியே வந்தார். பள்ளிக்கரணையில் தரைத்தள வீட்டுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். இடிபாடுகளைக் கொட்ட நகரத்தில் இடமில்லாமல் போனபின், பழைய தரையைப் பெயர்ப்பது குற்றமாகிவிட்டது. தரைமேல் தரை ஒட்டி ஒட்டி, வாசலின் உயரம் மார்பளவுக்குக் குறைந்துவிட்டது.

இப்போது புதிய உத்தரவு. வீட்டு முற்றம் ஒவ்வொன்றும் மழையைக் குடிக்க வேண்டுமாம். பொடிக்கல்லைப் பசையில் குழைத்துப் பரப்பும் மழைவிழுங்கித் தளத்தில் ஒரு வாளி நீரை ஊற்றினால், கண்ணிமைப்பதற்குள் மண்ணுக்குப் போய்விடும். மாலையில் சோதனை. தேறாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். உள்ளே மகள் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகிறது.

தளம் போட வந்த பேசும் பொறிக்கோ அவசரம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. பழைய டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. பொள்ளென்று ஒலித்தவற்றின் அடியில் பசை செலுத்தியது. எண்ணெய்க் கறையைச் சுரண்டியது. பிறகு நீர் இறங்குவதற்குச் சாணுக்கு ஒரு துளை என்று போட ஆரம்பித்தது. ஒரு மணி நேரமாகியும் முதல் துளையே மண்ணைத் தொடவில்லை. சத்தியசீலனுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

“இன்னும் எவ்ளோ நேரம்ப்பா?”

“ஒன்பது அடுக்கு இருக்கு சார். அதுல மூணு அடுக்கு மழைவிழுங்கித் தளம்தான்.”

துளையிலிருந்து எடுத்த உருளையை வாங்கிப் பார்த்தார். பொடிக்கல், அதன்மேல் பளபளக்கும் டைல், மறுபடி பொடிக்கல். வீட்டை அவர் வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது. அதற்குமுன் மூன்று முறை இதே உத்தரவு வந்திருக்கிறது. மூன்று முறையும் யாரோ சோதனையில் தேறிவிட்டு, உடனே மூடியிருக்கிறார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அறிவிருக்கா அவனுங்களுக்கு? சர்டிபிகேட் வாங்குற வரைக்கும்தான் தளமா?”

குழந்தை எழுந்துவிடும் என்று மனைவி எழில்மொழி உள்ளிருந்து அதட்டினாள். அப்போதும் அவர் ஓயவில்லை. பொறி துளைத்து முடித்து, தூசியை உறிஞ்சி, பொடிக்கல்லைப் பரப்பிக் காயவைக்கும்வரை அந்த முகம் தெரியாத மூவரையும் திட்டித் தீர்த்தார்.

மாலையில் அதிகாரி வந்து வாளியைக் கவிழ்த்தார். நீர் மாயமாய் மறைந்தது. சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். சத்தியசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எழில்மொழி வெறுங்காலோடு நடந்து பார்த்து முகம் சுளித்தாள். கல் குத்துகிறது, இடுக்கில் சேரும் தூசியை யார் பெருக்குவது, ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அடுக்கினாள். அவருக்கும் தரை என்னவோ வேலை முடியாதது போலத்தான் தெரிந்தது.

பொறி இன்னும் போகவில்லை. ஓரமாக நின்று எதையோ கலக்கிக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டார்.

“டைல்ஸ் ஒட்டுற பசை சார். இந்தத் தெருவுல இருபத்தாறு வீடு முடிச்சிட்டேன். எல்லாருமே திரும்பக் கூப்பிட்டாங்க.”

சத்தியசீலனுக்குச் சுருக்கென்றது. தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டதே என்று கோபமாக வந்தது. அதிகாரியின் வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“வழுக்காத டைல்ஸா போடு,” என்றார். “குழந்தை இருக்கிற வீடு.”